குழந்தையின் காதுக்குள் நீர் கோத்திருந்தால்: பரிசோதனை முதல் அன்றே வீடு திரும்பும் ஆபரேஷன் வரை

“டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போறான்.” “பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா.” “கிளாஸ்ல கவனம் இல்லைன்னு மிஸ் சொல்றாங்க.” குழந்தைகளின் கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் அறையில் வேலை பார்க்கும் என்னிடம் பெற்றோர் முதலில் சொல்வது பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். காது வலி என்று வருகிறவர்கள் குறைவு. வலித்தால் குழந்தை அழும். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வலியே இல்லாமல் காதுக்குள் நீர் கோத்து மாதக்கணக்கில் கேட்கும் திறனைக் குறைக்கும் நோயைத்தான் வீட்டிலும் பள்ளியிலும் தவறவிடுகிறோம். அந்த நோயையும், அதற்குச் செய்யும் சின்ன ஆபரேஷனையும் முதல்முறையாக எதிர்கொள்ளும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை ஒன்று இருக்கிறது. அதுதான் நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கம் வரை ஒரு குழாய் போகிறது. யூஸ்டேஷியன் குழாய் என்பார்கள். நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, நடுக்காதுக்குக் காற்று போகும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாகவும் கிட்டத்தட்ட கிடைமட்டமாகவும் இருப்பதால் சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். குழாயின் வாய்ப்பக்கத்திலேயே அடினாய்டு என்ற சதை இருக்கிறது. அது வீங்கினால் அடைப்பு இன்னும் கூடும். காற்று போகாத அறையில் நீர் ஊறி, நாளாக ஆகக் கோந்து மாதிரி கெட்டியாகிவிடும்.

முதலில், எந்த நோய் என்று பிரித்துப் பாருங்கள்

காது நோய் எல்லாம் ஒன்றில்லை. பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை மூன்று.

சளிக் காய்ச்சலோடு திடீரென வரும் காது வலி, கிருமித் தொற்று. ராத்திரி படுத்ததும் வலி கூடும், குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழும். சில சமயம் செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் வெளியே வரும். அதோடு வலி சட்டென்று குறைந்துவிடும். அப்படி விழும் ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். வலிக்கு மருந்து அவசியம். ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பது குழந்தையின் வயதையும் நோயின் கடுமையையும் பொறுத்தது; இரண்டு வயதுக்கு மேற்பட்ட பலருக்கு அது இல்லாமலே இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

இரண்டாவது, மேலே சொன்ன நீர் கோத்தல். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, காதிலிருந்து எதுவும் வடியாது. கேட்பது மட்டும் மந்தமாகும். “கல்” என்றால் “பல்” என்று திருப்பிச் சொல்லும் குழந்தை, பேச்சு தெளியாத குழந்தை, வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடும் குழந்தை, இவர்களின் காதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த குழந்தைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் இந்தத் தொல்லை மிக அதிகம். அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் குறித்த இடைவெளியில் பரிசோதனை நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சீழ் வடியும் காது. “சின்ன வயசுல இப்படித்தான் வடியும், பெரியவனானா நின்னுடும்” என்று பாட்டிமார் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதிலும் சீழ் கொஞ்சமாக வந்து நாற்றம் அதிகமாக இருந்தால், எலும்பை அரிக்கும் கொலஸ்டியேடோமா என்ற தோல் வளர்ச்சி இருக்கலாம். அதற்கான ஆபரேஷன் பெரியது. இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் ஒருநாள் வேலைக்குள் அது அடங்காது.

காதுக்குப் பின்னால் வீங்கிக் காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், முகம் ஒரு பக்கம் கோணினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், தலைசுற்றி வாந்தி நிற்காவிட்டால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காதில் கடிகார பட்டன் பேட்டரி போய்விட்டாலும் அப்படியே. சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாகிவிடும். பட்டாணி, புளியங்கொட்டை போனால் அவ்வளவு அவசரமில்லை என்றாலும் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், ஊறிப் பெருத்து இறுகிவிடும்.

காதுக்குள் எதையும் விடாதீர்கள்

பூண்டு காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், வெற்றிலைச் சாறு, ஹேர்பின், கோழி இறகு, பட்ஸ். எல்லாமே அன்போடு செய்வதுதான், ஆனால் ஒன்றுகூட நடுக்காது நீரைத் தொடாது. செவிப்பறை ஒரு சுவர். வெளியே ஊற்றியது உள்ளே போகாது. ஓட்டை இருந்து உள்ளே போனால் அது இன்னும் கெடுதல். எண்ணெய்க் குளியல் தாராளமாகச் செய்யுங்கள், தலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காது வடிந்தால், சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக உருட்டிக் காதின் வாயில் வைத்து, ஈரம் ஊறியதும் எடுத்து வேறு திரி வையுங்கள். காது காயும்வரை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இதைச் செய்யலாம். மருந்துக் கடைக்காரர் தரும் சொட்டு மருந்தை டாக்டர் காதுக்குள் பார்க்கும்வரை போட வேண்டாம். ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகள் ஓட்டை வழியாக உள்ளே போனால் கேட்கும் நரம்பையே கெடுக்கக்கூடும்.

பரிசோதனைக்குப் போகும்போது

காது மூக்கு தொண்டை டாக்டர் ஓட்டோஸ்கோப் வைத்து செவிப்பறையைப் பார்ப்பார். பளபளப்பாக இருக்க வேண்டிய பறை மங்கி உள்ளிழுத்திருக்கும். சில சமயம் பின்னால் நீர்க்குமிழி தெரியும். அதோடு நின்றுவிடாமல் இரண்டு பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். டாக்டரே எழுதித் தருவார். எழுதாவிட்டால் கேட்பதில் தவறில்லை.

ஒன்று டிம்பனோமெட்ரி. காதில் ரப்பர் முனையை வைத்து, காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை அசைகிறதா என்று பார்ப்பது. அரை நிமிட வேலை, வலிக்காது. பேப்பரில் மலை மாதிரி கோடு வந்தால் சரி. தட்டையாக வந்தால், அது பி வகை, பின்னால் நீர் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, எவ்வளவு கேட்கிறது என்று அளப்பது. மூன்று வயதைத் தொட்ட குழந்தைகளுக்கு இதை விளையாட்டாகச் செய்வோம். ஹெட்போனை மாட்டிக் கையில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைக் கொடுத்துக் கன்னத்தருகே பிடிக்கச் சொல்வேன். “குருவி கத்துச்சுன்னா பக்கெட்ல போடணும்.” சத்தம் பெரிதாக இருக்கும்வரை டொக் டொக்கென்று கட்டை விழும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருவேன். ஓர் அளவுக்குக் கீழே போனதும் கட்டை கன்னத்திலேயே நிற்கும், குழந்தை என் முகத்தைப் பார்க்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும். “காதில வாங்காம திரியறான்னு திட்டிக்கிட்டே இருந்தேனே” என்று பலர் கலங்குவது அந்த நொடியில்தான். கலங்க வேண்டாம். இந்த நோய் பெரும்பாலும் சரியாகக்கூடியது.

கட்டை போடத் தெரியாத சின்னக் குழந்தைக்குத் தூங்கவைத்து பெரா பரிசோதனை, அதாவது சத்தம் கேட்கும்போது காது நரம்பிலும் மூளையிலும் எழும் மின் அலைகளை அளப்பது, செய்வார்கள். அன்றைக்குக் காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, வழியில் தூங்கவிடாமல் கூட்டி வந்தால் வேலை சுலபம். வரும்போது சளி, மூக்கடைப்பு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

நீர் கோத்த காதில் கேட்கும் திறன் சராசரியாக 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். எண் சின்னதாகத் தெரியலாம். ஆனால் காதோடு கிசுகிசுக்கும் பேச்சு 30 டெசிபல் அளவுதான். சாதாரணப் பேச்சு காதில் விழும், மெல்லிய மெய்யெழுத்துகள் விழாது. நாற்பது பிள்ளைகள் சலசலக்கும் வகுப்பறையில் கடைசி பெஞ்சில் இருக்கும் குழந்தைக்குப் பாடம் பாதிக்குமேல் போய்விடும்.

அரசுப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ படிக்கும் குழந்தை என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2013-இல் தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து குழந்தைகளைப் பார்க்கிறது. அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் நடுக்காது நோயும் செவித்திறன் குறைவும் இருக்கின்றன. அங்கிருந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். குழு வரும் நாளில் குழந்தையை லீவு போட வைக்காதீர்கள். வகுப்பு ஆசிரியரிடம் உங்கள் சந்தேகத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூன்று மாதம் பொறுங்கள்

நீர் இருக்கிறது என்று தெரிந்த அன்றே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால், ஏன் அவசரம் என்று கேளுங்கள். பேச்சு வளர்ச்சி பின்தங்கிய குழந்தை, அண்ணப் பிளவு உள்ள குழந்தை, செவிப்பறை மிகவும் உள்ளிழுத்துப்போன குழந்தை என்றால் காரணம் உண்டு. மற்றபடி பெரும்பான்மையான குழந்தைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானே வடிந்துவிடும். அதனால்தான் மூன்று மாதம் விட்டு மறுபடி அளந்து பார்க்கிறார்கள். அதற்காக மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடுவது, அவசரப்படுவதைவிடப் பெரிய தவறு. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் சளி சிரப், அலர்ஜி மாத்திரை, ஸ்டீராய்டு கொடுத்தால் நீர் சீக்கிரம் வற்றும் என்று நினைக்கிறார்கள். இந்த நோயில் அவை பயன் தருவதில்லை. ஆன்டிபயாட்டிக்கும் அப்படியே. மூக்கில் அலர்ஜி தனியாக இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பது வேறு விஷயம். நான்கு வயதுக்கு மேல், டாக்டர் சொன்னால், மூக்கால் பலூன் ஊதும் பயிற்சி செய்யலாம். வீட்டில் யாரும் சிகரெட், பீடி பிடிக்கக் கூடாது, வாசலில் நின்று பிடித்துவிட்டு வருவதும் வேண்டாம். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதை நிறுத்துங்கள். நிமோகாக்கல் தடுப்பூசி, அதாவது 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடுவது, விட்டுப்போயிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு மையங்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.

குழந்தையிடம் பேசும்போது முகத்துக்கு நேராக, கிட்டப் போய்ப் பேசுங்கள். பள்ளியில் முதல் பெஞ்ச் கேளுங்கள். இதற்கு மருத்துவச் சீட்டு தேவையே இல்லை, ஆனால் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் மறக்க மாட்டார்.

ஆபரேஷன் என்றால் என்ன செய்வார்கள்

மூன்று மாதம் கழித்தும் இரண்டு காதிலும் நீர் நின்று, இரண்டில் நன்றாகக் கேட்கும் காதிலேயே 25–30 டெசிபல் அளவுக்குக் குறைவு இருந்தால், க்ரோமெட் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். காதுக்கு ட்யூப் வைப்பது என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். செவிப்பறையில் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்துச் சின்னதாகக் கீறி, உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, நூல்கண்டு வடிவத்தில் இருக்கும் ஒரு குட்டிக் குழாயை அந்தக் கீறலில் பொருத்துவார்கள். குழாயின் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இனி காற்று மூக்கு வழியாக வராவிட்டாலும் இந்தத் துளை வழியாக நடுக்காதுக்குப் போகும். வெளியே வெட்டு, தையல், கட்டு எதுவும் கிடையாது. இரண்டு காதுக்கும் சேர்த்துப் பத்து பதினைந்து நிமிடம். குழந்தை அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் முழு மயக்கம் கொடுப்பார்கள். அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் 1954-இல் பிளாஸ்டிக் குழாயை வைத்து இந்த முறைக்கு மறுவாழ்வு கொடுத்தார். அன்றிலிருந்து உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கு மிக அதிகமாகச் செய்யப்படும் ஆபரேஷன்களில் இது ஒன்று.

அடினாய்டு பெரிதாக இருந்தால் அதே மயக்கத்தில் அதையும் எடுப்பார்கள். அப்போது நேரம் கூடும், சில இடங்களில் ஒரு ராத்திரி தங்கச் சொல்வார்கள்.

டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு காதா, இரண்டா? அடினாய்டும் எடுக்கப் போகிறீர்களா, ஏன்? ஆபரேஷன் வேண்டாம் என்றால் காது மெஷின் வைத்துச் சமாளிக்க முடியுமா? குழந்தைகளுக்குப் பழகிய மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? குழாய் ஒருநாள் தானே விழுந்துவிடும், அதன் பிறகு மறுபடி நீர் கோத்தால் என்ன செய்வது? கடைசிக் கேள்வி முக்கியம். சில குழந்தைகளுக்கு இரண்டாவது முறை வைக்க வேண்டிவரும். அரிதாக, குழாய் விழுந்த இடத்தில் ஓட்டை மூடாமல் நின்றுவிடும். செவிப்பறையில் வெள்ளைத் தழும்பும் வரலாம், அதனால் கேட்பது பெரிதாகக் கெடாது. இதையெல்லாம் கேட்டபின்புதான் சம்மதப் படிவத்தில் கையெழுத்து.

செலவைப் பொறுத்தவரை ஒரு விஷயம் மட்டும். மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக 24 மணி நேரம் அட்மிட் ஆக வேண்டும் என்ற விதி இருந்தாலும் டே கேர் சிகிச்சைக்கு, அதாவது அன்றே வீடு திரும்பும் இந்த மாதிரி சிகிச்சைக்கு, விலக்கு உண்டு. ஆனால் பாலிசி எடுத்து 24 மாதம் ஆகும்வரை காது மூக்கு தொண்டை நோய்களுக்கும் அடினாய்டு ஆபரேஷனுக்கும் பணம் தராத காத்திருப்புக் காலம் பல பாலிசிகளில் இருக்கிறது. முன் அனுமதி வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் உள்ள அத்திட்டத்தின் கவுன்டரில் முதலில் விசாரியுங்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

குழந்தைக்குக் காய்ச்சல், நெஞ்சுச்சளி, இருமல் வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகும், போகட்டும். சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் இறுகும் அபாயம் அதிகம். லீவு வீணாகும், ஊரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று மறைக்காதீர்கள். ஆஸ்துமா, இழுப்பு, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தில் சிக்கல், காயம்பட்டால் ரத்தம் நிற்காத தொல்லை, ஆடும் பல், இவை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

வயிறு காலியாக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். சாப்பாடு, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால் என்றால் 6 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை. உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரம் எதுவோ அதுதான் கணக்கு. “அழுதுட்டே இருந்தான், ரெண்டு வாய் பால்தானே” என்று தாத்தாவோ பாட்டியோ கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மயக்கத்தில் அந்தப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் எல்லோருக்கும் முந்தின ராத்திரியே சொல்லி வையுங்கள். அப்படியும் கொடுத்துவிட்டால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளும், அவ்வளவுதான். காலை லிஸ்டில் முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேட்டால் குழந்தை பசியோடு காத்திருக்கும் நேரம் குறையும்.

தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், மாஸ்க்கும் டேப்பும் வழுக்கும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்ப்பார்கள். தோடு, செயின், கொலுசைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, பிடித்த பொம்மை, மாற்று உடை, பழைய ரிப்போர்ட் எல்லாம் பைக்குள் இருக்கட்டும். என்ன நடக்கப் போகிறது என்பதைக் குழந்தையிடம் உண்மையாகச் சொல்லுங்கள்: “காத்து வர்ற மாஸ்க் வைப்பாங்க, நீ தூங்கிடுவ, எழுந்திரிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்.” ஊசியே போட மாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மயக்கம் தெளியும்போது

இந்த அரை மணி நேரத்துக்குப் பெற்றோரைத் தயார்படுத்த யாரும் மெனக்கெடுவதில்லை. குழந்தை கண்ணைத் திறந்ததும் கத்தும், உதைக்கும், உங்களையே அடையாளம் தெரியாத மாதிரி தள்ளும். வலி தாங்காமல் கத்துவதாக நினைத்துப் பெற்றோர் நடுங்கிப்போகிறார்கள். பெரும்பாலும் அது மயக்க மருந்து வாயு இறங்கும்போது வரும் குழப்பம். கட்டிலிலிருந்து விழாமல் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கித் தூங்கிவிடும், எழுந்தபின் அதற்கு நினைவே இருக்காது. நர்ஸைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

முதலில் தண்ணீர், வாந்தி இல்லையென்றால் இட்லி, பன், கஞ்சி. சில மணி நேரத்தில் டிஸ்சார்ஜ். போகும்முன் சொட்டு மருந்து எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும், ராத்திரி ஏதாவது என்றால் யாருக்கு போன் பண்ணுவது, இந்த மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். பாராசிட்டமாலை எத்தனை மில்லி என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது பொதுக் கணக்கு. கடையில் 5 மில்லியில் 120, 125, 250 மில்லிகிராம் என்று வெவ்வேறு வீரியத்தில் சிரப் இருப்பதால் பாட்டில் மாறினால் அளவும் மாறும். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. பைக்கில் கூட்டிப் போகாமல் ஆட்டோ, கார் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

வலி ஒரு நாளில் போய்விடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ பள்ளிக்கு அனுப்பலாம். அடினாய்டும் எடுத்திருந்தால் ஒரு வாரம் ஓய்வு. முதல் சில நாள் காதிலிருந்து நீரோ லேசான ரத்தமோ வந்தால் பயப்பட வேண்டாம். மூக்கிலோ வாயிலோ பளிச்சென்ற ரத்தம் வந்தாலும், குழந்தை திரும்பத் திரும்ப எச்சில் விழுங்கி ரத்த வாந்தி எடுத்தாலும், அடினாய்டு எடுத்த இடத்தில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தம், உடனே திரும்பிப் போங்கள்.

இத்தனை மாதம் மந்தமாகக் கேட்டுவந்த காது திடீரென்று திறப்பதால், மிக்ஸி ஓடினாலும் குக்கர் விசில் அடித்தாலும் சில குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சொட்டு மருந்து பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிடித்துச் சூடேற்றிவிட்டுப் போடுங்கள். ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சொட்டு விட்டபின் காதின் முன்னால் இருக்கும் சின்ன மேட்டை நாலைந்து தடவை அழுத்திவிடுங்கள். அப்போதுதான் மருந்து குழாய் வழியாக உள்ளே இறங்கும்.

குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதின் வாயில் வைத்தால் சோப்புத் தண்ணீர் போகாது. குளம், கிணறு, ஆறு, மூழ்கி நீச்சல், குழாய் விழும்வரை வேண்டாம். சுத்தமான நீச்சல் குளத்தில் மேலாக நீந்துவதைப் பல டாக்டர்கள் சில வாரத்துக்குப் பின் அனுமதிக்கிறார்கள். உங்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். விமானத்தில் போகலாம், குழாய் இருக்கும்போது காது அடைக்காது.

குழாய் இருக்கும் காதில் சளி பிடிக்கும்போது சீழ் வடிவது சகஜம். அதற்கு முதல் மருந்து சிப்ரோஃப்ளாக்ஸசின் மாதிரி சொட்டு மருந்துதான். நல்ல காய்ச்சல் இல்லையென்றால் வாய்வழி ஆன்டிபயாட்டிக் தேவைப்படுவது அபூர்வம். ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் காட்டுங்கள்.

குழாய் பொதுவாக 6 மாதம் முதல் ஒரு வருடம்வரை இருந்து, செவிப்பறை வளர வளரத் தானே வெளியே தள்ளப்பட்டு, காது அழுக்கோடு விழுந்துவிடும். எப்போது விழுந்தது என்றே பலருக்குத் தெரியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காதைக் காட்டி, குழாய் இடத்தில் இருக்கிறதா, விழுந்திருந்தால் ஓட்டை மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வருடமாகியும் விழவில்லை என்றால் எடுக்க வேண்டிவரும்.

ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் கேட்கும் திறனை மறுபடி அளந்துவிடுங்கள். நீர் போனபிறகும் கேட்பது குறைவாகவே இருந்தால் நரம்பிலும் குறை இருக்கலாம். அதை அப்போதே கண்டுபிடிக்க முடியும். பேச்சு பின்தங்கிய குழந்தை காது திறந்ததும் தானாகப் பேசிவிடும் என்று காத்திருக்காமல், அதே வாரத்தில் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். பழைய ஆடியோகிராமையும் (கேட்கும் திறனை அளந்த வரைபடம்) புதியதையும் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள்.